குழாயை நம்பிய கதை

குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்பது நம் காலத்து ஜனங்களின் திடமான நம்பிக்கைகளில் ஒன்று. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைவிடச் சற்றுக் குறைவாகவும், பஸ் நேரத்துக்கு வரும் என்பதைவிடச் சற்று அதிகமாகவும் இதை நாம் நம்பி வருகிறோம். தண்ணீர் வந்துவிட்டால் குழாயைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. வராத அன்றுதான், அது எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது, ஏன் வரவில்லை என்ற கேள்விகளெல்லாம் பிறக்கின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் குடியிருப்போருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் சந்தர்ப்பம் அடிக்கடி வாய்த்திருக்கிறது. நமக்கும் வாய்த்தது. அந்த அனுபவத்தையும், அதிலிருந்து நாம் தெரிந்துகொண்ட ஒரு சிறு கணக்கையும் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலைப் பக்கத்திலிருந்து இறங்கி, சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் ஜில்லாவைக் கடந்து காவிரியில் கலக்கிறது. அதன் கரையை அடுத்த ஒரு சிற்றூரில் நமது பூர்வீக வீடு இருக்கிறது. வீட்டின் புறக்கடையில் ஒரு கிணறு இருந்தது. கருங்கல்லால் கட்டிய சுவர், மர ராட்டினம், பக்கத்தில் ஒரு துவைகல், இரண்டு வாழை மரங்கள். தண்ணீர் சற்று உப்புக் கரிக்கும். அதில் பருப்பு வேகாது என்பது வீட்டுப் பெண்மணிகளின் நிரந்தரப் புகார்.

1998-ம் வருஷத்தில் வீட்டுக்குள்ளேயே காவிரித் தண்ணீர் குழாய் வழியாக வந்து சேர்ந்தது. அன்று பருப்பு வெந்த வேகத்தைப் பார்த்து வீடே பூரித்துப் போயிற்று. காவிரி மாதா அடுப்பங்கரைக்கு வந்துவிட்ட பிறகு கிணறு எதற்கு? குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. மோட்டார் சைக்கிள் நிறுத்தவும் இடம் வேண்டியிருந்தது. ஆகவே, நாலு வண்டி மண்ணைக் கொட்டிக் கிணற்றை மூடினோம். அப்பத்தா மட்டும் திண்ணையிலிருந்து மெல்ல எழுந்து வந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங் கண்ணு, ஊட்டுக் கெணத்தெ மூடிப்போட்டு, எங்கியோ இருக்கற ஆத்தெ நம்பறயே, அந்த ஆத்துக்கு உன்னெத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"காலம் மாறிப் போச்சு, அப்பத்தா" என்று சொல்லிவிட்டு நாம் மண்ணைச் சமன் செய்வதில் முனைந்தோம். அவள் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

நிற்க. 2016-ம் வருஷத்தின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்து போயிற்று. அடுத்த கோடையில் மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றி, பண்ணவாடிப் பக்கத்தில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தியும், கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தலை காட்டின. அவற்றைக் காண்பதற்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போனார்கள். நம் வீட்டிலோ குழாய் பத்து நாளைக்கு ஒரு தரம் அழுதது. பிறகு அதுவும் நின்றது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவரை வரவழைத்தோம். தேங்காய் ஒரு மூலையில் நிமிர்ந்து நின்றது. அங்கே 900 அடி ஆழ்குழாய் போட்டோம். வெண்புழுதி வந்தது, தண்ணீர் வரவில்லை. தேங்காய் மட்டும் சட்னிக்குப் பயன்பட்டது.

இவ்வளவும் சிரிப்பதற்குரிய விஷயந்தான். சிரிக்க முடியாத பகுதியும் ஒன்று உண்டு. பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நம் மகள், இரவில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் லாரியின் ஓசைக்குக் காது கொடுத்துக் காத்திருந்தாள். ஓசை கேட்டதும் குடங்களோடு ஓடினாள். லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. தண்ணீர்ப் பஞ்சத்திலும் கொடியது இந்தத் தெரியாமைதான் என்பதை அப்போது கண்டோம். நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு நாலு குடம் நிச்சயம் என்று தெரிந்தால் மனுஷர் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். எப்போது என்று தெரியாவிட்டால் வீட்டில் ஒருவருடைய உறக்கமும் வேலையும் படிப்பும் அதற்கே பலியாகின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார்.

கிணற்றை மூடிய அசட்டுத்தனம் நம் வீட்டுக்கு மட்டும் உரியதென்றால் இதை எழுதவேண்டிய அவசியமில்லை. சுற்றிலும் பார்த்தபோது, பெரிய நகரங்களும் அதே காரியத்தைச் செய்திருப்பது தெரிந்தது.

சேலம் சீமை தண்ணீர் விஷயத்தில் அனுபவமில்லாத பூமியல்ல. 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை இது அனுபவித்தது. 1871-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த அன்றைய சேலம் ஜில்லாவின் ஜனங்கள், 1881-ம் வருஷத்துக் கணக்கில் 16 லட்சம் அளவுக்குக் குறைந்திருந்தார்கள். அப்படிப்பட்ட பூமியில், 1866-ல் அமைந்த சேலம் முனிசிபாலிடி, தன் ஜனங்களின் தாகம் தீர்க்கக் கண்ட வழி பனமரத்துப்பட்டி ஏரி. ஜருகுமலை, போதமலைச் சரிவுகளில் பெய்யும் மழையைத் தேக்கி, 1911-ம் வருஷத்தில் அந்த ஏரி நகரத்தின் குடிநீருக்கென்று உண்டாக்கப்பட்டது. 1917 முதல் 1919 வரையில் ராஜாஜி சேலம் முனிசிபாலிடியின் சேர்மனாக இருந்த காலத்தில் நகரம் நம்பியிருந்தது இந்த ஏரியைத்தான்.

பிறகு மேட்டூர் அணை வந்தது. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அந்த மாபெரும் அணைக்கு, அப்போதைய கவர்னரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று நாமகரணம் செய்தார்கள். 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும். சேலம் ஜில்லாவின் கிராமங்கள் மூழ்கின. தண்ணீரோ தஞ்சைச் சீமைக்குப் போயிற்று. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து 45,000 ஏக்கருக்குக் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் திறந்தது 1955-ல்தான். காலக்கிரமத்தில் குடிநீருக்கும் சேலம் மேட்டூரையே நோக்கத் தொடங்கியது. அணைக்குக் கீழே தொட்டில்பட்டியில் காவிரி நீரை எடுத்து நகரத்துக்கு ஏற்றினார்கள். நாமக்கல்லுக்கு மோகனூர்க் காவிரி வந்தது. 1971-ல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் கிராமம் கிராமமாகக் காவிரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இது சாமானிய சேவையல்ல. ஆற்றிலிருந்து எத்தனையோ மைல் தூரத்தில், தரையில் உப்பும் புளோரைடும் கலந்த தண்ணீரைக் குடித்து வந்த ஊர்களில் நல்ல தண்ணீர் பாய்ந்திருக்கிறது. அதைக் குறை சொல்கிறவர்கள் நன்றி மறந்தவர்கள். ஆனால், புது மருமகள் வந்தாள் என்று மாமியாரை வீட்டை விட்டுத் துரத்துகிறவர்களைப் போல, நாம் பழைய ஏரியைக் கைவிட்டோம். பனமரத்துப்பட்டி ஏரியில் நீண்ட காலம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது.

இனி அந்தக் கணக்கைச் சொல்கிறோம். நேயர்கள் கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பெருக்கல் வாய்பாடு தெரிந்தால் போதும்.

ஆற்றில் நீர் இருக்கவேண்டும். அதை எடுக்கும் கிணறு தூர்ந்து போகாமல் இருக்கவேண்டும். பம்பு ஓடவேண்டும். பம்புக்கு மின்சாரம் வரவேண்டும். பெரிய குழாய் உடையாமல் இருக்கவேண்டும். மேல்நிலைத் தொட்டி நிறையவேண்டும். தெருக்குழாயின் வால்வைத் திறக்கும் மனுஷர் வேலைக்கு வரவேண்டும். இவை ஏழு கண்ணிகள். ஏழும் சேர்ந்தால் ஒரு சங்கிலி. ஒன்று அறுந்தாலும் குடம் காலி. ஒவ்வொரு கண்ணியும் நூறு நாளில் 99 நாள் ஒழுங்காக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமது நாட்டில் இவ்வளவு ஒழுங்காக நடப்பவை எத்தனை என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். அப்படியிருந்தும் ஏழையும் பெருக்கிப் பார்த்தால், தண்ணீர் வருவது நூற்றுக்கு 93 நாள்தான். வருஷத்துக்குச் சுமார் 25 நாள் வராது. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 90 நாள் வேலை செய்தால், தண்ணீர் வருவது 48 நாள். பாதிக்கும் குறைவு! யாருமே சோம்பேறியல்ல, யாருமே திருடரல்ல. ஆயினும் குழாய் வறண்டிருக்கும்.

சேலத்துக்கு இந்தச் சங்கிலியில் மின்சாரக் கண்ணி மிகவும் முக்கியமானது. மேட்டூர் அணை ததும்பி வழியும்போதுகூட அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 790 அடி உயரத்தில்தான் இருக்கிறது. சேலம் நகரமோ 900 அடிக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் தானாக மேட்டுக்கு ஓடாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகையால் ஒவ்வொரு சொட்டையும் பம்பு வைத்துத்தான் மேலே தள்ளவேண்டும். காவிரி கரை புரண்டு ஓடும் நாளிலும், ஒரு மின்கம்பி அறுந்தால் சேலத்தில் குடம் நிறையாது.

சங்கிலியின் பலவீனத்துக்கு மாற்று, இரண்டாவது சங்கிலி. ஒரு வழி பத்து நாளில் ஒரு நாள் கைவிடும்; இன்னொரு வழியும் அவ்விதமே. ஆனால் இரண்டும் ஒரே நாளில் கைவிடுவது நூறு நாளில் ஒரு நாள்தான். கிணற்று வாளிக்கு இரண்டு கயிறு கட்டினவன் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது இதுதான். ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கயிறும் ஒரே கொம்பில் கட்டியிருக்கக் கூடாது. ஒன்று மற்றொன்றுக்கு அடிமையாக இருந்தால் கணக்கு பொய்த்துவிடும். கொம்பு முறிந்தால் இரண்டும் போயிற்று. பத்தில் ஒன்று, பத்தில் ஒன்றாகவே நின்றுவிடும்.

இந்தக் கண்கொண்டு நோக்கினால் நம் முன்னோரின் ஏரிக்குப் புதிய மதிப்புத் தெரிகிறது. மேட்டூருக்குத் தண்ணீர் தருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அந்த நீர் கிருஷ்ணராஜ சாகரத்தையும் கபினியையும் தாண்டி வரவேண்டும். வழக்கு மன்றங்களையும் தாண்டி வரவேண்டும். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நீரின் பங்கைச் சொல்லும், மழையைப் பெய்விக்காது. பனமரத்துப்பட்டிக்குத் தண்ணீர் தருவதோ, நம் கண்ணுக்கு எதிரே நிற்கும் இரண்டு மலைகளில் பெய்யும் உள்ளூர் மழை. அந்த ஏரி சிறியது. அது தனியாக இன்றைய சேலத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அதன் கயிறு வேறு கொம்பில் கட்டிய கயிறு. அதுவே அதன் பெருமை.

பல கயிறுகளை ஒரே கொம்பில் கட்டிய கதையை 2019-ம் வருஷத்தில் சென்னைப் பட்டணம் உலகத்துக்கே காட்டிற்று. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரிகள் அதற்கு உண்டு. நாலும் நம்பியிருப்பது பெரும்பாலும் ஒரே வடகிழக்குப் பருவமழையை. மழை பொய்த்தபோது நாலும் ஒருங்கே வறண்டன. அவ்வேளையில் கைகொடுத்தவை எவை? 2004 முதல் குழாய் வழியே வந்துகொண்டிருந்த வீராணம் ஏரி நீர். அது மேட்டூரிலிருந்து வரும் காவிரி. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். கடலுக்கு எந்த மழையும் வேண்டாம். மேலும் ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலேறி வந்தது. அவ்வளவும் அந்த நாலு ஏரிகளின் கொம்பில் கட்டாத கயிறுகள்.

"நீர் சொல்வது சரி. ஆனால் 2016-ல் இரண்டு மழையுமே பொய்த்ததே! இரண்டு கயிறு இருந்து என்ன பயன்?" என்று கேட்கும் நேயர் ஒருவர் நிச்சயமாக இருப்பார். அவர் கேள்வி நியாயமானது. மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது மரபு; 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2018 ஜூலையில் அணை 120 அடியைத் தொட்ட அதிர்ஷ்டமும் அதற்கு நடுவில்தான் நிகழ்ந்தது. 2024 ஜூலை 30-ந் தேதி அணை நிரம்பியபோது, அது 90 வருஷத்தில் 43-வது முறை என்று சொன்னார்கள். ஆகவே எவ்வளவு கயிறு கட்டினாலும் சில நாள் வாளி மேலே வராமற் போகலாம் என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். அப்போது கேட்கவேண்டிய கேள்வி வேறு.

1982-ல் ஹாஷிமோட்டோ, ஸ்டெடிங்கர், லௌக்ஸ் என்ற மூன்று நிபுணர்கள் நீர் ஏற்பாடுகளைச் சோதிக்க மூன்று கேள்விகளை வகுத்துத் தந்தார்கள். எத்தனை நாளுக்கு ஒரு தரம் ஏற்பாடு தவறுகிறது? தவறினால் எவ்வளவு விரைவில் மீள்கிறது? தவறியிருக்கும்போது கஷ்டம் எவ்வளவு கடுமையானது? முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டுத் திருப்தியடைவது நம் சுபாவம். நூறு நாளில் பத்து நாள் தண்ணீர் வராத இரண்டு ஊர்களை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் அந்தப் பத்து நாளும் தனித்தனியாக வருகின்றன. இரண்டு அண்டாக்கள் இருந்தால் வீடு பிழைத்துக்கொள்ளும். இன்னோர் ஊரில் பத்தும் தொடர்ச்சியாக வருகின்றன. ஜனங்கள் மூட்டை கட்டுகிறார்கள். காகிதத்தில் இரண்டு ஊர்களுக்கும் மார்க்கு ஒன்றே! மேலும், குழாய் காலியாக இருக்கும்போது, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே கசியும். மறுபடி தண்ணீர் வரும்போது வியாதியும் கூட வரும். ஆகையால் வராத நாளின் தீங்கு வந்த நாளிலும் தொடருகிறது.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு விடை சொல்பவை பெரிய அணைகளல்ல. சிறிய கிணறுகளும் குளங்களுமே. நம்முடைய சமவெளி பாறைப் பூமி. மேலே சில அடி மண், அதன்கீழ் உளுத்த பாறை, பிறகு கெட்டிப்பாறை. நீர் இருப்பது உளுத்த பாறையிலும், கெட்டிப்பாறையின் வெடிப்புகளிலுந்தான். பத்தடி தள்ளிப் போட்ட ஆழ்குழாய் ஒன்றில் தண்ணீரும், மற்றொன்றில் புழுதியும் வருவதன் காரணம் அதுவே. தேங்காயைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய திறந்த கிணறு மேல் மண்ணின் நீரை நாலாபுறமிருந்தும் வாங்கிக்கொள்ளும். ஒரு நல்ல மழை பெய்தால் சில நாளில் ஊற்றெடுத்துவிடும். அது குழாயைப்போல் தினந்தோறும் ஆயிரம் லிட்டர் தராது. ஆனால் விரைவில் மீளும். பாத்திரம் தேய்க்கவும், துணி துவைக்கவும், மாட்டுக்கு வைக்கவும் அது போதும். அப்போது குடிக்க வேண்டிய நாலு குடத்துக்கு மட்டுமே லாரியை எதிர்பார்க்கலாம்.

2003-ல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. நம் வீட்டிலும் கூரையிலிருந்து ஒரு குழாய் இறக்கினோம். அது தரைக்கு ஓரடி மேலே வந்து நின்றுவிட்டது. பார்வையிட வந்தவர் குழாயைப் பார்த்தார். அது எங்கே போகிறது என்று கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. இப்படிச் சட்டத்தை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு பதினான்கு வருஷத்து மழையை வீதியில் விட்டோம்.

2018-ம் வருஷத்துத் தை மாசத்தில் புறக்கடை மண்ணைத் தோண்டத் தொடங்கினோம். நாலு வண்டி மண்ணைப் போட அரை நாள் ஆயிற்று. எடுக்கப் பதினொரு நாள் ஆயிற்று. அதன்மேல் இருபது வருஷம் சேர்ந்த குப்பையையும் எடுக்கவேண்டியிருந்தது. கருங்கல் சுவர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மற்றபடி அப்படியே இருந்தது. கூரைக் குழாயை நீட்டி, மணலும் கூழாங்கல்லும் இட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் சேர்த்தோம். அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை எட்டிப் பார்த்தபோது, அடியில் ஓர் ஆள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வாளியை இறக்கி ஒரு செம்பு மொண்டு பார்த்தோம். அதே உப்பு. அதில் பருப்பு வேகாது.

குழாயும் இருக்கிறது, அதில் காவிரி வருகிறது, பருப்பு அதில் வேகிறது. இரண்டும் இருக்கட்டும். நம் ஊரின் குளத்தையும், சேலத்தின் ஏரியையும், நாமக்கல்லின் பழைய கிணறுகளையும் குறித்து நாம் சொல்வது இவ்வளவே: புதியது வருவதைக் கண்டு பழையதை மூடாதீர்கள். நேயர்கள் இதைப் படித்து முடித்ததும் தங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்தக் கொம்பில் கட்டியிருக்கிறது என்று ஒரு தரம் விசாரித்துப் பார்க்கவேண்டும். அதற்கு அடுத்த கயிறு எது என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும். விடை கிடைக்காவிட்டால், வேலையைத் தொடங்கவேண்டியது எங்கே என்று தெரிந்துவிடும்.

அப்பத்தா அந்தக் கோடைக்கு முன்பே போய்விட்டாள். அவள் கேட்ட கேள்விக்கு நாம் அன்று பதில் சொல்லவில்லை. ஆற்றுக்கு நம்மைத் தெரியாது. கிணற்றுக்குத் தெரிந்திருந்தது.